மரத்தின் விடையும் நான்கு கட்டக் கணக்கும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கணிப்பொறிப் புள்ளியியலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இதுதான். நம் பாட்டன்மார் காலத்தில் நம்மைப் பற்றிய முடிவுகள் கர்ணத்தின் பதிவேட்டிலும் பண்ணைக் கணக்கு நோட்டிலும் எழுதப்பட்டன. எழுதியதைப் படித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. ஆகவே எழுதியதே தீர்ப்பாயிற்று. கல்வி வந்த பிறகு, 'கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்கும் துணிவு நமக்கு வந்தது. இன்று அந்தப் பதிவேடு கணிப்பொறிக்குள் புகுந்துகொண்டது. கடன் கொடுப்பதா, வேலை விண்ணப்பத்தை மேலே அனுப்புவதா, உதவித் திட்டப் பட்டியலில் பெயரை வைப்பதா என்பன போன்ற கேள்விகளுக்கு எந்திரம் விடை சொல்லும் காலம் இது. அந்த விடை எத்தனை முறை சரி, எத்தனை முறை பிழை, பிழை யார் தலையில் விழுந்தது என்று கேட்கவும், காட்டப்படும் கணக்கைப் படிக்கவும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலும் கல்லூரிக் கணிப்பொறிக் கூடங்களிலும் இத்தகைய மென்பொருள்களைக் கையாளுகிறார்கள். கணக்கைக் காட்டும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். கணக்கைக் கேட்கும் இடத்தில் நாம் அனைவரும் இருக்கிறோம். இருசாராருக்கும் பயன்படும் ஒன்றையே இங்கு எடுத்துக்கொண்டோம்.

முடிவு மரம் என்பது யாது?

முடிவு மரம் என்பது வரிசையாகக் கேட்கப்படும் 'ஆம்-இல்லை' கேள்விகளின் தொகுதி. முதற் கேள்வி அடிமரம். ஒவ்வொரு விடைக்கும் ஒரு கிளை பிரியும். கிளையில் மறு கேள்வி நிற்கும். கேள்வி முடியும் இடத்தில் இலை, அதாவது விடை. நாட்டு வைத்தியர் 'காய்ச்சல் உண்டா? எத்தனை நாள்? குளிர் உண்டா?' என்று கேட்டுக்கொண்டே போய் ஒரு முடிவுக்கு வருவது போன்றது. வேறுபாடு யாதெனில், எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதைக் கணிப்பொறியே பழைய புள்ளிவிவரங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது.

இம்முறைக்கு 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1963-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கன், சான்குவிஸ்ட் என்னும் இருவர் இதன் தொடக்க வடிவத்தை வெளியிட்டனர். 1980-இல் கோர்டன் காஸ் என்பார் வேறொரு முறையை வகுத்தார். 1984-இல் பிரைமன், ஃபிரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் ஆகிய நால்வர் எழுதிய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. ஆஸ்திரேலியரான குவின்லன் 1993-இல் வெளியிட்ட முறையும் பெரும் புகழ் பெற்றது. இன்று எஸ்.பி.எஸ்.எஸ்., ஜம்ப் போன்ற விலைக்கு வாங்கும் மென்பொருள்களிலும், நியூசிலாந்தில் பிறந்த ஆர், வெகா என்னும் இலவச மென்பொருள்களிலும் முடிவு மரம் வளர்க்கலாம். இலவசமானவற்றைப் பயில நம் மாணவருக்குப் பணத் தடை இல்லை என்பதைக் குறித்துக்கொள்க.

மரத்தின் படம் கண்ணுக்கு அழகாக இருக்கும், எவரும் படித்துவிடலாம். அந்த எளிமையே ஓர் ஆபத்தும் ஆகும். தெளிவாக வரையப்பட்டதெல்லாம் உண்மை என்று மனம் நம்பிவிடுகிறது. ஆகையால் மரத்தைக் காட்டுவோர் அதன் செயல்திறனையும் உடன் காட்டவேண்டும்.

தொண்ணூறு விழுக்காடு என்னும் மாயம்

நம் சானமாவுக் காட்டையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் பன்னார்கட்டாப் பக்கத்துக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் ராகி விளையும் பருவத்தில் இப்பக்கம் வருவதும், இரவில் வயலில் இறங்குவதும், நெடுஞ்சாலையைக் கடப்பதும் நாம் அறிந்தவையே. இன்றிரவு யானை வருமா வராதா என்று சொல்ல ஒரு முடிவு மரம் செய்வதாகக் கற்பனை செய்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை.

நூறு இரவுகளில் 10 இரவு யானை வந்தது. 90 இரவு வரவில்லை. முதல் மரம் ஒன்றையும் ஆராயாமல் எல்லா இரவுக்கும் 'வராது' என்றே சொல்கிறது. அது 90 இரவுகளில் சரி. மென்பொருள் 'துல்லியம் 90 விழுக்காடு' என்று அச்சிடும். ஆனால் யானை வந்த பத்து இரவிலும் உழவன் உறங்கிக்கொண்டிருந்தான்!

இரண்டாம் மரம் 24 இரவுகளில் 'வரும்' என்றது. அவற்றுள் 9 இரவு உண்மையில் வந்தது. 15 இரவு வீண் எச்சரிக்கை. 'வராது' என்று அது சொன்ன 76 இரவுகளில் ஒரே ஓர் இரவு மட்டும் யானை வந்தது. சரியாகச் சொன்னவை 9-உம் 75-உம் சேர்ந்து 84. ஆகவே துல்லியம் 84 விழுக்காடுதான். எண்ணை மட்டும் பார்ப்பவர் முதல் மரத்தையே தேர்ந்தெடுப்பார். பயிரையும் உயிரையும் காக்க நினைப்பவர் இரண்டாம் மரத்தையே தேர்வார்.

இந்த உண்மையை வெளிக்கொணர்வது நான்கு கட்ட அட்டவணை. 'உண்டு' என்று சொல்லி உண்டாயிருந்தவை ஒரு கட்டம். 'உண்டு' என்று சொல்லி இல்லாதிருந்தவை ஒரு கட்டம், இது வீண் எச்சரிக்கை. 'இல்லை' என்று சொல்லி உண்டாயிருந்தவை ஒரு கட்டம், இது தவறவிட்டது. 'இல்லை' என்று சொல்லி இல்லாதிருந்தவை நான்காம் கட்டம். மென்பொருள்களில் இதற்குக் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்று பெயர். துல்லியம் என்னும் ஒற்றை எண் இரண்டு வகைப் பிழைகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. நான்கு கட்டக் கணக்கு அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிறது.

உண்மைத் தரவில் ஒரு பாடம்

இனி உண்மைத் தரவுக்கு வருவோம். ஆர் மென்பொருளில் முடிவு மரம் வளர்க்கும் ஆர்பார்ட் என்னும் பொதியில் பயிற்சிக்கென்று ஒரு சிறு தரவு வைக்கப்பட்டுள்ளது. முதுகெலும்பில் அறுவை மருத்துவம் செய்யப்பட்ட 81 குழந்தைகளைப் பற்றியது அது. மருத்துவத்துக்குப் பின் 17 குழந்தைகளுக்குக் கூனல் இருந்தது. 64 குழந்தைகளுக்கு இல்லை. வயது, எத்தனை முள்ளெலும்புகள், மேலிருந்து எத்தனையாவது முள்ளெலும்பில் மருத்துவம் தொடங்கியது என்னும் மூன்று விவரங்களைக் கொண்டு மரம் வளர்க்கவேண்டும்.

எல்லோர்க்கும் 'கூனல் இல்லை' என்று சொன்னாலே 81-இல் 64 சரி. அதாவது 79 விழுக்காடு. இதுவே நம் அடிக்கோடு. இதை மிஞ்சாத மரம் இருந்தும் பயனில்லை. மென்பொருள் வளர்க்கும் மரம் 26 குழந்தைகளுக்குக் 'கூனல் உண்டு' என்கிறது. அவர்களில் 15 பேருக்கு உண்மையில் உண்டு, 11 பேருக்கு இல்லை. எஞ்சிய 55 பேருக்கு 'இல்லை' என்கிறது. அவர்களில் 2 பேரைத் தவறவிட்டது. ஆக 81-இல் 68 சரி, 84 விழுக்காடு. கூனலுற்ற 17 பேரில் 15 பேரைக் கண்டுபிடித்துவிட்டது. நல்ல மரம்தானே என்று தோன்றும்.

இங்கேதான் நம் இளைஞர்கள் நின்று நிதானிக்கவேண்டும். எந்த 81 குழந்தைகளைப் பார்த்து மரம் வளர்ந்ததோ, அதே 81 குழந்தைகளைக் கொண்டே அதற்குத் தேர்வு வைத்தோம். வினாத்தாளை முன்னரே கொடுத்து மனப்பாடம் செய்யவைத்த மாணவன் நூற்றுக்கு நூறு வாங்குவதில் வியப்பென்ன? காணாத வினாவுக்கு விடை எழுதினாலன்றோ கல்வி!

ஆகவே ஆர்பார்ட் வேறொரு சோதனையும் செய்கிறது. தரவைப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒன்பது பங்கில் மரம் வளர்த்து, பத்தாம் பங்கில் சோதிக்கிறது. பங்குகளை மாற்றி மாற்றிப் பத்து முறை இதனைச் செய்கிறது. பிரிண்ட்-சிபி என்னும் கட்டளை இட்டால் ஓர் அட்டவணை வரும். அதில் ஒவ்வொரு வரியும் மரத்தின் ஓர் அளவு. ஒரு பத்தி பழகிய தரவில் நேர்ந்த பிழை. அடுத்த பத்தி காணாத தரவில் நேர்ந்த பிழை. எல்லோர்க்கும் 'இல்லை' என்று சொல்வதன் பிழை 1 என்று வைத்து மற்றவை கணக்கிடப்படும். பழகிய தரவில் பிழை 1.00, 0.82, 0.76 என்று அழகாக இறங்குகிறது. காணாத தரவிலோ, பங்கு பிரிக்கும் விதத்திற்கேற்ப எண் சற்று மாறினும், பிழை 1-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்பதே பெரும்பாலும் காணும் காட்சி. அதாவது இம்மரம் புதிய குழந்தைக்கு விடை சொல்லும்போது, ஒன்றும் ஆராயாமல் 'இல்லை' என்பதைவிடப் பெரிதாக மேம்பட்டதென்று சொல்ல இயலாது. முன்னே 84 என்று மின்னிய எண் இப்போது எங்கே போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

வேண்டாத கிளைகளை வெட்டுவதும் இந்த அட்டவணையைப் பார்த்தே செய்யப்படும். ஓசூரில் ரோஜா வளர்ப்போர் கவாத்து செய்வது போல, முடிவு மரத்தையும் கவாத்து செய்யவேண்டும். காணாத தரவின் பிழை எந்த அளவில் மிகக் குறைவோ, அதற்கு ஒரு திட்டப்பிழை தூரத்துக்குள் அடங்கும் மிகச் சிறிய மரத்தை எடுத்துக்கொள்வது பலரும் பின்பற்றும் மரபு. பிளாட்-சிபி என்னும் கட்டளை அந்த எல்லையைப் புள்ளிக்கோடாக வரைந்தே காட்டும்.

பிழை யார் தலையில் விழுகிறது?

இதுவரை சொன்னது மரத்தின் நலம். இனிச் சொல்வது நம் நலம்.

தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறியது. ஆயிரம் விண்ணப்பங்களில் நம்மவர் 200 என்று கொள்வோம். ஒரு மரம் மற்ற 800 பேரில் 40 பேருக்கும், நம் 200 பேரில் 50 பேருக்கும் தவறான விடை சொல்வதாகக் கற்பனை செய்வோம். மொத்தப் பிழை 90. துல்லியம் 91 விழுக்காடு. எவரும் பாராட்டும் எண்! ஆனால் மற்றவரில் இருபதில் ஒருவர் தவறாக நடத்தப்பட, நம்மில் நால்வரில் ஒருவர் தவறாக நடத்தப்பட்டார். மொத்தத் துல்லியம் சிறுபான்மையோர் துன்பத்தை மறைக்கவல்லது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டா.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் இடும் காம்பஸ் என்னும் மென்பொருள் பயன்பட்டது. புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் 2016-இல் பிரவார்ட் மாவட்டப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தது. கறுப்பினத்தவர்க்கு 63 விழுக்காடும் வெள்ளையர்க்கு 59 விழுக்காடும் சரியான கணிப்பு, ஏறத்தாழச் சமம். நான்கு கட்டக் கணக்கை இனவாரியாகப் பிரித்தபோதோ வேறு காட்சி தெரிந்தது. மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காட்டினர் ஆபத்தானவர் என்று முத்திரையிடப்பட்டிருந்தனர்; வெள்ளையரில் அது 23.5 விழுக்காடே. மீண்டும் குற்றம் செய்தும் ஆபத்தற்றவர் என்று விடப்பட்டோர் வெள்ளையரில் 47.7, கறுப்பினத்தவரில் 28.0 விழுக்காடு. மென்பொருள் நிறுவனம் இதை மறுத்தது. ஆபத்தானவர் என்று சொல்லப்பட்டவருள் அது மெய்யான விகிதம் இரு இனத்துக்கும் ஒத்ததே என்றது. இரு இனத்தாரிடையே அடிப்படை விகிதம் வேறுபடும்போது இவ்விரு சமத்துவங்களையும் ஒருசேர அடைதல் இயலாது என்று பின்னர் அறிஞர்கள் கணிதத்தால் காட்டினர். ஆகவே எந்தப் பிழையைக் குறைப்பது என்பது மனிதர் கூடி எடுக்கவேண்டிய நீதி முடிவு. அட்டவணை மறைக்கப்பட்டால் அந்த விவாதமே எழாது.

நம் நாட்டுக்கு வருவோம். தெலங்கானாவில் கணிப்பொறிப் பொருத்தத்தை நம்பி இலட்சக்கணக்கான உணவு அட்டைகள் நீக்கப்பட்டன. நேரில் சென்று சரிபார்க்கவில்லை என்று வழக்கு எழுந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நேரடிக் களச் சரிபார்ப்புக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலைக்குள் சரிபார்க்கப்பட்ட 2,05,734 மனுக்களில் 15,471 தகுதியுடையவை எனக் கண்டறியப்பட்டதாகப் பின்னர் பத்திரிகைப் புலனாய்வு வெளியிட்டது. இது 7.5 விழுக்காடு. அது முடிவு மரமா, வேறு முறையா என்பது இங்குப் பொருளன்று. 'தொண்ணூற்று இரண்டரை விழுக்காடு சரி' என்று ஓர் அலுவலகம் மகிழலாம். எஞ்சிய ஏழரையில் அடங்கிய 15,471 வீட்டு அடுப்புகளைப் பற்றி யார் பேசுவது?

சாதிப் பத்தியை நீக்கிவிட்டால் மரம் நடுநிலையாகிவிடும் என்று சிலர் சொல்வர். அது போதாது. முகவரியில் 'காலனி' என்று எழுதியிருந்தால் மரம் அதையே ஒரு கேள்வியாக்கிக்கொள்ளக்கூடும். அஞ்சல் எண்ணும் படித்த பள்ளியும்கூட அவ்வாறே நம்மைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் மரம் வளர்க்கச் சாதி விவரம் வேண்டா. சோதிக்க மட்டும் அது வேண்டும். அதை வைத்துத்தான் பிழையைப் பிரிவுவாரியாக எண்ண முடியும்.

எவ்வாறு காட்டுவது?

இத்துறையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் முடிவு மரத்தின் பயனைக் காட்டும் போதெல்லாம் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, அடிக்கோட்டை எழுதுக. ஒன்றும் ஆராயாமல் பெரும்பான்மை விடையைச் சொன்னால் எத்தனை சரி என்பது மரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, காணாத தரவின் முடிவைக் காட்டுக. வெகா மென்பொருள் இயல்பாகவே பத்துப் பங்குச் சோதனை செய்து, அறிக்கையின் இறுதியில் கட்ட அட்டவணையை அச்சிடும். ஜம்ப் மென்பொருளில் சோதனைக்கென்று தனிப் பத்தி குறிக்கலாம். எஸ்.பி.எஸ்.எஸ். வகைப்பாட்டு அட்டவணை தரும். அது பழகிய தரவினதா, சோதனைத் தரவினதா என்று தலைப்பில் எழுதுக.

மூன்றாவது, நான்கு கட்டங்களையும் தலை எண்ணிக்கையாகவே தருக. விழுக்காடு அதன்பின் வரட்டும். சோதனைத் தரவில் நம்மவர் பன்னிருவர் மட்டுமே இருப்பின் எந்த விழுக்காடும் நம்பத்தக்கதன்று; பன்னிருவர் என்பதே முதற்செய்தி.

நான்காவது, ஒவ்வொரு பிரிவினர்க்கும் தனித்தனி அட்டவணை இடுக. ஆண், பெண், ஊர், சாதி என்று எது பொருந்துமோ அது.

ஐந்தாவது, எந்தப் பிழை யாருக்கு என்ன இழப்பைத் தரும் என்று ஒரு வாக்கியம் எழுதுக. யானையைத் தவறவிடுவதும் வீண் எச்சரிக்கை விடுப்பதும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல.

கணக்கைக் கேட்கும் இடத்தில் இருப்போர்க்கும் ஒரு சொல். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகம் தன் நிருவாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்க்குத் தெரிவிக்கவேண்டும் என்று நான்காம் பிரிவில் கூறுகிறது. 'கணிப்பொறி நீக்கிவிட்டது' என்பது காரணம் ஆகாது. எத்தனை பேரை நீக்கியது, சரிபார்த்தபோது எத்தனை பிழை என்று எழுத்தில் கேட்கலாம். மனு எழுதத் தெரிந்த ஓர் இளைஞர் ஒரு தெருவுக்கே துணையாவார்.

அண்ணல் காட்டிய வழி

அண்ணல் அம்பேத்கர் 1918-இல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டு துண்டாக இருப்பதே வறுமைக்குக் காரணம், துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினால் போதும் என்று அக்காலத்து அறிஞர் பலர் கூறினர். பரப்பளவு என்னும் ஒற்றை அளவைக் கொண்டு உடைமை ஆதாயமுள்ளதா அன்றா என்று தீர்மானித்தல் கூடாது. அந்நிலத்தில் இடப்படும் உழைப்பும் முதலும் எவ்வளவு என்று பார்க்கவேண்டும் என அவர் வாதிட்டார். நிலத்தின்மேல் தேங்கிய உழைப்புக்கு வழி தொழில்மயமே என்றும் முடிவு கூறினார். நம் ஓசூர்ப் பகுதியில் மானாவாரி ராகிக் கொல்லைகளுக்கு அருகே ஆலைகள் எழுந்ததைக் கண்ட நமக்கு அக்கட்டுரையின் பொருள் நன்கு விளங்கும். பலரும் ஒப்புக்கொண்ட ஓர் எண்ணைக் கண்டு தலையசைக்காமல், அதைப் பிரித்து உள்ளே பார்த்தார் அவர். முடிவு மரத்தின் முன் நாம் செய்யவேண்டியதும் அதுவே.

ஆலைகளில் நம் தந்தையர் உடலுழைப்பாளராக நுழைந்தனர். பிள்ளைகள் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கின்றனர். அந்த இருக்கையில் அமர்ந்தவர் அச்சிடும் அட்டவணையில் ஒரு கட்டம் விடுபட்டால், எங்கோ ஒரு குடும்பத்தின் பெயர் விடுபடும். அதை எண்ணி நான்கு கட்டங்களையும் முழுமையாக எழுதும் நேர்மையையும், எழுதாதவரிடம் கேட்கும் துணிவையும் நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியாகக் கொள்வோம்.

வளர்க கல்வி! ஓங்குக நம் கழகம்!